ஐந்தாம் கியரும் வீட்டுக்காரரும்

மெத்தைக் கம்பெனிக்குச் சரக்கு ஓட்டுகிற அந்த அம்மாவை எல்லோரும் வண்டிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி கம்பெனியுடையது அல்ல, அவருடையது. அப்பா ஓட்டிக்கொண்டிருந்த வண்டி. அப்பாவுக்கு முட்டி போனபோது வீட்டில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர் மூத்த மகள் ஒருவர்தான் என்பதால் சாவி அவர் கைக்கு வந்தது. தற்காலிகமாகத்தான். அந்தத் தற்காலிகம் காதோரம் நரைக்கிற வரைக்கும் நீண்டுவிட்டது.

மெத்தை என்றால் பஞ்சுதானே, தூக்குவதற்கு என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் எதிர்காற்றில் ஒரு இரட்டை மெத்தையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமே இருக்காது, ஆனால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால் இறக்கி வைக்கக் கூட ஒரு ஆள் தேவை. அந்த ஆள் அவருடைய வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் அதற்கு முன்னால் நெசவாலையில் இருந்தார். தறிகள் ஓடுகிற கூடத்துக்குள் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அங்கே எல்லாமே கை ஜாடைதான். வீட்டுக்கு வந்தால் மகள் பேசுவாள், டிவி பேசும், வண்டிக்காரம்மா இரண்டுக்கும் மேலே பேசுவார். இவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் படுத்துவிடுவார். கல்யாணமான புதிதில், "மாப்பிள்ளை எப்படி?" என்று அம்மா கேட்டதற்கு, "வாயில்லாப் பூச்சிம்மா" என்று வண்டிக்காரம்மா சொன்னார். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆலையை மூடிய பிறகு அவர் வண்டியில் வர ஆரம்பித்தார். வண்டிக்குள்ளும் பேச்சுக்கு இடமில்லை. நாலே நாலு கியர். நெடுஞ்சாலையில் நாலாவதைப் போட்டு வேகம் எடுத்தால் இஞ்சின் அலறும், கியர் பெட்டி ஊளையிடும், கதவுக் கண்ணாடி தாளம் போடும். அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தோளைத் தட்டிக் கையைக் காட்டுவார். ஆலையில் கற்ற வித்தை வீணாகவில்லை.

இப்படியே போயிருக்கும். தம்பி குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

வண்டிக்காரம்மாவின் தம்பிக்கு ‘ஆராய்ச்சி’ என்று பட்டப்பெயர். ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறான். மிச்ச நேரத்தில் ஊரில் இருக்கிற சாமான்களை எல்லாம் மேம்படுத்துகிறான். அவன் மேம்படுத்திய இஸ்திரிப் பெட்டி அக்கா வீட்டில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது. வண்டியில் ஒரு ரேடியோ இருந்தது. அதையும் ஒருநாள் வாங்கிக்கொண்டு போனான். ரேடியோ திரும்பி வரவில்லை.

அவன் போனில் எதையோ படித்துவிட்டு வந்து நின்றான்.

"அக்கா, உன் வண்டிக்கு என்ன குறைன்னு தெரியுமா?"

"நீ பக்கத்துல வராத வரைக்கும் ஒரு குறையும் இல்ல."

"கியர் பத்தல. டாப்புல போறப்போ இஞ்சின் அந்தக் கத்து கத்துதுல்ல? கத்தறதெல்லாம் டீசல். அஞ்சாவது கியர் இருந்துச்சுன்னா அதே வேகத்துக்கு இஞ்சின் மெதுவா சுத்தினாப் போதும். இதே கம்பெனியோட புது மாடல் வண்டியில அஞ்சு கியர் பெட்டிதான். உடைசல் கடையில கிடைக்குது. நம்ம வண்டியில அப்படியே மாட்டலாம்."

வண்டிக்காரம்மா அவனை நம்பவில்லை. மெக்கானிக்கைக் கேட்டார். அப்பா காலத்திலிருந்து அந்த வண்டியின் வயிற்றைத் திறந்து மூடுகிறவர் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தம்பி சொல்றது சரிதாம்மா. போல்ட் ஓட்டை எல்லாம் ஒண்ணுதான். அப்படியே கழட்டி அப்படியே மாட்டறதுதான். வெள்ளிக்கிழமை விடுங்க, திங்கக்கிழமை எடுத்துக்கோங்க" என்றார்.

அந்த ‘அப்படியே’ என்ற வார்த்தையை வண்டிக்காரம்மா பிறகு எத்தனையோ தடவை அவர் முகத்தில் எறிந்தார்.

திங்கட்கிழமை போனபோது பழைய பெட்டி சாக்கின் மேல் கிடந்தது. உடைசல் கடையிலிருந்து வந்த பெட்டி இன்னொரு சாக்கின் மேல் கிடந்தது. வண்டி நடுவில் ஒன்றுமில்லாமல் முட்டுக்கட்டைகள் மேல் நின்றது. போல்ட் ஓட்டைகள் எல்லாம் பொருந்தினவாம். ஆனால் புதுப் பெட்டியின் தண்டில் இருக்கிற பற்கள் பழைய கிளட்ச் தட்டின் நடு ஓட்டையில் நுழையவில்லை. வேறு தட்டு வாங்க வேண்டும்.

தட்டு வந்தது. அதற்குப் பிறகுதான் புதுப் பெட்டி ஒரு சாண் நீளம் கூடுதல் என்று கண்டுபிடித்தார்கள். பெட்டி நீண்டால் அதிலிருந்து பின் அச்சுக்குப் போகிற தண்டு குறைய வேண்டும். தண்டை வெட்டிச் சுருக்க லேத் பட்டறைக்குக் கொண்டு போனார்கள். லேத்காரர் வெட்டி ஒட்டிக் கொடுத்தார். மாட்டி ஓட்டிப் பார்த்தால் வண்டி முழுக்க நடுங்கியது, குளிர்ஜுரம் கண்ட மாதிரி. மறுபடி கழற்றி மறுபடி லேத்துக்குப் போனது.

"அப்படியே மாட்டறதுன்னு சொன்னீங்களே" என்றார் வண்டிக்காரம்மா.

"அப்படியேதாம்மா. இது ஒண்ணு மட்டும்தான் பாக்கி."

"நேத்தும் ஒண்ணு மட்டும்தான் பாக்கி இருந்துச்சு."

"அது வேற ஒண்ணு" என்றார் மெக்கானிக், நிஜமாகவே விளக்கம் சொல்கிறவர் போல.

இந்தப் பக்கம் மெத்தைகள் காத்திருக்காது. வாடகைக்கு ஒரு வண்டி பிடித்தார். அதன் டிரைவர் தார்ப்பாயை ஒரு பக்கம் மட்டும் கட்டினால் போதும் என்ற கொள்கை உடையவன். மழை வந்தது. கடைக்காரர் ஈர மெத்தையைத் திருப்பி அனுப்பிவிட்டு கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்தார். மேனேஜர் வண்டிக்காரம்மாவுக்குப் போன் செய்தார். வண்டிக்காரம்மா தம்பிக்குப் போன் செய்தார். அவன், "கவலைப்படாதக்கா, கடைசியா ஒரு சின்ன விஷயம்தான்" என்றான்.

அந்தச் சின்ன விஷயம் கியர் கம்பி. பெட்டி நீளம் ஆனதால் கம்பி பழைய ஓட்டை வழியாக வரவில்லை, பின்னால் தள்ளி வந்தது. தரையில் புது ஓட்டை போட்டார்கள். இப்போது நாலாவது கியருக்குப் பின்னால் இழுத்தால் குமிழ் சீட்டில் இடித்தது. சீட்டின் விளிம்பைப் பிறை மாதிரி வெட்டினார்கள். அப்புறமும் நாலாவதில் போட்டால் குமிழ் வீட்டுக்காரரின் முட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே ஒரு பூதத்தை உள்ளே தள்ளினால் அதன் மச்சான் வெளியே வந்தான்.

மெக்கானிக்கும் ஆராய்ச்சியும் வீட்டுக்காரரும் ஓட்டையைச் சுற்றி நின்று, தலையை ஒரே பக்கமாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரம்மா மூவரையும் பார்த்தார். "ஓடிக்கிட்டு இருந்த வண்டி. நல்லா ஓடிக்கிட்டு இருந்த வண்டி" என்றார். யாரும் நிமிரவில்லை.

ஒரு வழியாக வண்டி பட்டறையை விட்டு வெளியே வந்தது.

ஊருக்குள் வித்தியாசம் தெரியவில்லை. பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி, நாலாவதில் வேகம் பிடித்து, இஞ்சின் வழக்கம்போல அலற ஆரம்பித்தபோது வண்டிக்காரம்மா கிளட்சை மிதித்து ஐந்தாவதுக்குத் தள்ளினார். கத்திக்கொண்டிருந்த குழந்தையைத் தோளில் போட்டதும் அடங்குமே, அப்படி அடங்கியது இஞ்சின். வேகம் குறையவில்லை, இரைச்சல் மட்டும் போய்விட்டது. டயர் தார்ச்சாலையில் உருளுகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு திருகு ஆடுகிற சத்தம் கேட்டது. அத்தனை நாள் அந்த வண்டிக்குள் இப்படி ஒரு சத்தம் இருந்ததே அவருக்குத் தெரியாது.

தம்பியை இத்தனை திட்டியிருக்க வேண்டாமோ என்று அவர் நினைத்த அதே நேரத்தில் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எங்க ஆலை ஸ்டோர்க்காரர் பீரோ வாங்கின கதை உனக்குத் தெரியாதுல்ல?"

தெரியாது. வண்டிக்காரம்மா ஆசையாகத்தான் கேட்டார். ஸ்டோர்க்காரர் பழைய இரும்பு பீரோ ஒன்று வாங்கினார். வீடு மூன்றாவது மாடி. தூக்கிக்கொண்டு போனவர்கள் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். பீரோ மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"அப்புறம்?"

"சொல்றேன். அந்த பீரோவைத் தூக்கினது யாருன்னா, ஸ்டோர்க்காரரோட மச்சினர். அவர் முதல்ல சைக்கிள் கடை வச்சிருந்தாரு. அந்தக் கடை எங்க இருந்துச்சுன்னா..."

சைக்கிள் கடையிலிருந்து கடைக்குப் பக்கத்து வீட்டு வழக்குக்குப் போனார். வழக்கிலிருந்து வக்கீலின் நாய்க்குப் போனார். இறக்க வேண்டிய கடை வந்துவிட்டது. திரும்பும்போது நாயிலிருந்து ஆரம்பித்தார். மறுநாள் காலை ஐந்தாவது கியர் விழுந்ததும், "எங்க விட்டேன்?" என்றார்.

வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்துக்குள்ளும் இஞ்சின் சத்தத்துக்குள்ளும் அடைபட்டுக் கிடந்த பேச்சு மொத்தமும் மடை திறந்துகொண்டு வந்தது. தெருக்குழாயின் வாஷரை யார் மாற்றினார்கள், மாற்றியது யார் என்று யார் பொய் சொன்னார்கள், வலது செருப்பு மட்டும் ஏன் முதலில் தேய்கிறது. நடுநடுவே, "பீரோ என்னாச்சுங்க?" என்று வண்டிக்காரம்மா கேட்டால், "வரேன், வரேன். இதைச் சொன்னாத்தான் பீரோ புரியும்" என்பார். அந்த பீரோவுக்கு அவர் வந்ததே இல்லை.

ஒருநாள் முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. முந்துவதற்காக வண்டிக்காரம்மா நாலாவதுக்கு இழுத்தார். இஞ்சின் அலறியது. வீட்டுக்காரரின் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன, பிறகு நின்றன. கையைக் கட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தார், பழைய வாயில்லாப் பூச்சி மாதிரியே.

டிராக்டர் பின்னால் போய்விட்டது. வண்டிக்காரம்மாவின் கை குமிழ் மேல் இருந்தது. ஐந்தாவதுக்குத் தள்ள வேண்டிய இடம். தள்ளவில்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் கொஞ்ச தூரம் ஐந்தாவது. பேச்சு வக்கீலின் நாய் பக்கம் போக ஆரம்பித்ததும் நாலாவது. டீசல் போனால் போகட்டும், மண்டை மிஞ்சட்டும்.

ஆனால் ஆராய்ச்சி விடுவானா? டீசல் போடுகிற பங்கிலேயே வந்து நின்று கணக்குப் பார்த்தான். மிச்சம் வந்திருந்தது, அவன் படித்த அளவுக்கு வரவில்லை. டயரில் காற்றுப் பார்த்தான். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஆகவே குற்றவாளி மெக்கானிக் என்று முடிவு செய்து பட்டறைக்குப் போனான். வண்டிக்காரம்மா அங்கே போய்ச் சேரும்போது சண்டை பாதியில் இருந்தது.

"உள்ள தேஞ்ச பல்லைப் போட்டு மூடிட்டீங்க."

"யாரு? நானா? இந்த நிமிஷம் பெட்டியை இறக்கறேன். உள்ள ஒரு பல் தேஞ்சிருந்தாலும் இந்தத் தொழிலை விட்டுடறேன்" என்று மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கப் போனார்.

வண்டிக்காரம்மாவுக்கு முட்டுக்கட்டையும் சாக்கும் லேத் பட்டறையும் ஈர மெத்தையும் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன.

"யாரும் எதையும் கழட்ட வேணாம். பெட்டியில ஒண்ணும் இல்ல. நான்தான் நாலாவதுல ஓட்டறேன்."

தம்பி திகைத்துப்போனான். "எதுக்குக்கா? அஞ்சாவது விழ மாட்டேங்குதா?"

"நல்லா விழுது. விழுந்தா வண்டி சத்தம் நின்னுடுது. வண்டி சத்தம் நின்னா உங்க மாமா ஆரம்பிச்சுடறாரு. என்னால முடியலடா. காது ரெண்டும் கேக்காமப் போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணுது."

பின்னால் டீ கிளாஸ்கள் உரசுகிற சத்தம் கேட்டது. எல்லோருக்கும் டீ வாங்கிவரப் போயிருந்த வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கிளாஸ்களை ஒவ்வொன்றாகப் பட்டறை மேஜையில் வைத்தார். "ஆறிடும், குடிங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். பிறகு மனைவி பக்கம் திரும்பாமலே, "நீ நாலாவதுக்கு இழுக்கறப்பல்லாம் ரோடு மேடுன்னு நினைச்சேன்" என்றார்.

மறுநாள் மெத்தைகளை ஏற்றி முடித்ததும் அவர் முன்னால் வரவில்லை. பின்பக்கத்தில் ஏறி மெத்தைகள் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்னங்க இது?"

"நீ அஞ்சாவதுல போ. டீசல் மிச்சமாகட்டும்" என்று தார்ப்பாய்த் திரையை உள்ளேயிருந்து இழுத்து மூடிக்கொண்டார்.

வண்டிக்காரம்மா கெஞ்சினார், திட்டினார், சாப்பாட்டுப் பாத்திரத்தை முன் சீட்டிலேயே வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று மிரட்டியும் பார்த்தார். மனிதர் அசையவில்லை. வண்டி ஐந்தாவது கியரில் வழுக்கிக்கொண்டு போனது. ஆராய்ச்சி பங்கில் நின்று கணக்குப் பார்த்துத் துள்ளினான். "பாத்தியாக்கா! நான் சொன்ன இடத்துக்கு வந்துடுச்சு! இதே மாதிரியே ஓட்டு" என்றான். அவனை அறைந்தால் என்ன என்று வண்டிக்காரம்மாவுக்கு இருந்தது.

வண்டிக்குள் இப்போது அவர் கேட்ட அமைதி முழுசாக இருந்தது. ஆடுகிற திருகின் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று நினைத்தாலும் படிக்கட்டில் மாட்டிக்கொண்ட பீரோ நினைவுக்கு வந்தது. எத்தனை பேர் அதன் மேல் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போனார்களோ. இறக்கினார்களா, ஏற்றினார்களா? சொல்லித் தொலைத்திருக்கலாம் அந்த மனுஷன். எரிச்சல் எரிச்சலாக வந்தது, தன் மேல் பாதி, அவர் மேல் பாதி.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். அதிகாரி பின்பக்கத் திரையைத் தூக்கினார். மெத்தை மேல் வீட்டுக்காரர் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இது?"

"என் வீட்டுக்காரர் சார்."

"சரக்கு ஏத்தற இடத்துல ஆளை ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா?"

"நான் ஏத்தல சார். அவராவே ஏறிக்கிட்டாரு."

"முன்னாடி இடம் இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம்?"

வண்டிக்காரம்மா வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். "நான் சொல்றேன் சார். இந்த வண்டி முதல்ல எங்க மாமனாரோடது. அவருக்கு முட்டி வலி எப்ப வந்துச்சுன்னா..."

அதிகாரி அபராதச் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கியிருந்தார். மாமனாரின் முட்டி முடிந்து நெசவாலை வந்தது. பின்னால் வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. கிளட்ச் தட்டு வந்தது. "சுருக்கமா சொல்லுங்க" என்றார் அதிகாரி. "சுருக்கமாத்தான் சார் சொல்றேன்" என்று வீட்டுக்காரர் லேத்காரரின் குடும்பத்தை அறிமுகப்படுத்தினார். அதிகாரி பேனாவை மூடினார். சீட்டைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "முதல்ல முன்னாடி ஏறுங்க" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "தினமும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டார்.

"அஞ்சாவது கியர்ல மட்டும் சார்" என்றார் வண்டிக்காரம்மா.

வண்டி கிளம்பியது. ஐந்தாவது விழுந்தது. வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அந்த பீரோ இறங்குச்சா இல்லையா?" என்றார் வண்டிக்காரம்மா.

"நாலாவதுல போட்டுக்கோ."

"கேக்கறேன்ல. சொல்லுங்க. நேரா பீரோவுக்கு வாங்க. மச்சினர் வேணாம், நாய் வேணாம்."

அவர் வெகுநேரம் யோசித்தார். மச்சினரும் நாயும் இல்லாமல் அதை எப்படிச் சொல்வது என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை போலிருந்தது. "இறங்கல. ஏறவும் இல்ல. ஸ்டோர்க்காரர் சம்சாரம் பாத்தாங்க. துணியெல்லாம் கொண்டுவந்து அங்கயே பீரோவுக்குள்ள அடுக்கிட்டாங்க. குளிச்சிட்டு எல்லாரும் படிக்கட்டுக்கு வந்துதான் சட்டை மாத்துவாங்க. இப்பவும் அங்கதான் இருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா என்னை இத்தனை நாளாச் சாகடிச்சீங்க?"

"முழுசாக் கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாக. வண்டிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ள மனமில்லாமல் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. இப்போதும் செருப்பில் ஆரம்பித்தால் எங்கேயோ போய்விடுகிறார். வண்டிக்காரம்மா நாலாவதுக்கு இழுக்கிறார், குமிழ் முட்டியில் இடிக்கிறது, "சரி சரி, வந்துட்டேன்" என்று அவர் கதையை அவசரமாக முடிக்கிறார், கியர் மறுபடி மேலே போகிறது. சில நாள் அவர் கண்டுகொள்ளாமல் இரைச்சலுக்கு மேலே கத்தியே பேசுவதும் உண்டு. ஆகவே டீசல் மிச்சம் ஒரு வாரம் போல் இன்னொரு வாரம் இருப்பதில்லை. ஐந்து கியர் போட ஆசைப்பட்டு யாராவது பட்டறைக்கு வந்தால் மெக்கானிக், "பக்கத்து சீட்டுல யாரு வருவாங்க?" என்று முதலில் கேட்டுக்கொள்கிறார்.

ஆராய்ச்சி இப்போது பின் அச்சைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறான். அதன் பற்களை மாற்றினால் இன்னும் கொஞ்சம் மிஞ்சுமாம்.

"அப்படியே மாட்டறதுதான்க்கா" என்றான்.

"என் வண்டிக்கு அடியில உன் தலை தெரிஞ்சுது, பாக்காம ஸ்டார்ட் பண்ணிடுவேன்" என்றார் வண்டிக்காரம்மா. அவன் அதையும் ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு, எந்த நேரத்தில் அக்கா வீட்டில் இருக்க மாட்டார் என்று மாமாவிடம் விசாரிக்கப் போனான். மாமா அதை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார்.